மாருதி 800 புஷ் மாற்றம்: கடைசி முறுக்கு தரையில்தான்

வணக்கம் மக்களே. பின்னால் நிற்பது நம்ம 1998 மாடல் மாருதி 800. காலை ஆறு மணிக்கே முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். பத்து மணிக்கு மேல் இந்தப் பெரம்பூர் வெயிலில் ஸ்பேனரைத் தொட முடியாது.

பிரச்சினை இதுதான். எங்கள் தெரு முனையில் வரிசையாக மூன்று வேகத்தடைகள். மூன்றிலும் 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார். கடப்பாரையால் லேசாக நெம்பிப் பார்த்தேன், லோயர் ஆர்மின், அதாவது முன்சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் கையின், உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ் தாராளமாக ஆடுகிறது.

எரிச்சல் என்னவென்றால், இதே புஷ்ஷைப் பதினோரு மாதத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் மாற்றினேன்! இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் ரப்பர். குழாய் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. வெடிப்பைப் பாருங்கள், கை முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டே போகிறது.

இந்த புஷ் பேரிங் மாதிரி சுழலாது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பாடியோடு பூட்டிக்கொள்ளும். ரப்பரின் வெளிப்பக்கம் ஆர்மைப் பிடித்திருக்கும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது நடுவில் ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் பிழிந்த துணியாகிவிடும். சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அதே நிலைதான். அதற்கு மேல் மெட்ரோவுக்குத் தோண்டிய ரோடு வேறு. பட்டறையில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டார்கள் போல.

புது புஷ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கியது. 2014இல் தயாரிப்பு நின்ற வண்டிக்கு இன்னும் கிடைக்கிறதே, அதுவே சந்தோஷம். புதுப்பேட்டையில் பழைய ஆர்மே முழுசாகக் கிடைக்கும். ஆனால் அதில் இருப்பதும் பழைய ரப்பர்தானே.

பழையதை எடுப்பதில் வித்தை ஒன்றும் இல்லை. வெளியே பிதுங்கிய ரப்பர் விளிம்பைக் கத்தியால் சீவிவிட்டு வைஸில் வைத்து அழுத்தினேன், வந்துவிட்டது. சில பேர் ரப்பரைக் கொளுத்தி எடுப்பார்கள். மாடியில் துணி காயப்போட்டிருக்கும் அக்காவிடம் யார் திட்டு வாங்குவது?

புதியதை ஏற்றத்தான் பாடு. என்னிடம் பிரஸ் கிடையாது. நீளமான மரைக் கம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர், ஒரு ஜிஐ பைப் துண்டு, அவ்வளவுதான். கால் கால் சுற்றாக இறுக்க இறுக்க புஷ் உள்ளே போகிறது. வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் மட்டும் தடவுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிட்டால் பிடிமானம் தானாக வரும். இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருந்தால் சரி.

அப்புறம், வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். எனக்கு ஸ்டாண்டும் உண்டு, பாடிக்கு அடியில் கழற்றிய சக்கரமும் உண்டு.

ஆர்மை மாட்டியாகிவிட்டது. போல்ட் இப்போது கையிறுக்கம்தான். சக்கரத்தைப் போட்டு, இரண்டு முன்சக்கரத்துக்கும் அடியில் தடித்த பலகை வைத்து, வண்டியை இறக்கி, பானெட்டை நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டேன். இனி இந்த இடுக்கில் கையை விட்டு... இருங்கள்... இறுகிவிட்டது. கை முட்டி சிராய்ந்ததுதான் மிச்சம்.

அலைன்மென்ட் பார்க்கக் கிளம்புகிறேன். கேமரா டேஷ்போர்டில் இருக்கிறது. முதல் வேகத்தடை, சத்தமில்லை. இரண்டாவது, ம்ஹும். மூன்றாவது... 'டொக்'! ஐயோ. ஒரு நிமிஷம், ஓரம் கட்டுகிறேன். டிக்கியில் ஜாக்கியைக் கட்டாமல் போட்டிருக்கிறேன்.