ஏட்டுச் சுரைக்காயும் இரண்டு பூட்டுப் பெட்டியும்

(இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். கைதட்டல்களை நீக்கிவிட்டேன், இருமல்களையும்.)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, இந்த விழாவை ஆண்டுதோறும் தோளில் சுமக்கும் செயலாளர் அவர்களே, ஒரு பென்னிகூடப் பிசகாமல் கணக்கு வைத்திருக்கும் பொருளாளர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து சிறப்பித்திருக்கும் மாவட்ட மன்ற உறுப்பினர் அவர்களே, இந்த மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்து, நம் சாம்பார் வாசனையையும் பொறுத்துக்கொள்ளும் தேவாலயத்துப் போதகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் சம்பந்தியம்மா அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். மகளிர் அணித் தலைவி அவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைய வடை அவர் பொறுப்பு.

எனக்குத் தந்த தலைப்பு, ஓர் ஆங்கிலக் கிராமத்தில் குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் தேடுவது எப்படி என்பது. நான்கு செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, தேவாலயப் பதிவேடு. இரண்டு, ஏழைகளைப் பற்றிய காகிதங்கள். மூன்று, நிலப்படங்கள். நான்கு, கல்லறைக் கற்கள். இருபது நிமிடம் என்று செயலாளர் சீட்டு கொடுத்திருக்கிறார். பார்ப்போம்.

இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று சிலர் நினைக்கலாம். என் பேரன் பள்ளியில் வம்சாவளி எழுதிவரச் சொன்னார்கள். நம் பக்கம் நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மருமகள் பக்கம் யார் சொல்வது? சம்பந்தியம்மா சொன்னார்: 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் படையெடுப்போடு வந்த குதிரைவீரர் பரம்பரை நாங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் தைரியமாகப் பேசுகிறேன். பேரனுக்குத் தெரியும், காரில் போகும்போது மொழிபெயர்த்துவிடுவான். அதற்குள் நான் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

இந்தத் தேடலில் நான் இறங்கியபோது என் மூத்த அண்ணன் தொலைபேசியில் சொன்னது ஒரே வரி: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா. எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. அதோடு சண்டை போடுவதற்காகவே பிடிக்கும்.

முதலில் பதிவேடு. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர் எல்லையிலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஞாயிறுதோறும் ஏட்டில் எழுத வேண்டும். ஏட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி போதகரிடம், இன்னொன்று ஊர்ப் பொறுப்பாளரிடம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்கும். புது வரி போடத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று அப்போதே ஜனங்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு வீண் போகவில்லை. 1783-இல், ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி வந்தே விட்டது. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. உடனே என்ன ஆயிற்று? ஊரில் ஏழைகள் பெருகிவிட்டார்கள். போதகர்கள் மனசாட்சியோடுதான் எழுதினார்கள், ஆனால் ரொம்ப இரக்கத்தோடு எழுதினார்கள். 1794-இல் வரியை எடுத்தார்கள்.

தேடப்போகும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1752-க்கு முன் இங்கே சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஏப்ரல் 1700-இல் கல்யாணம், பிப்ரவரி 1700-இல் குழந்தை என்று கண்டால் பதறாதீர்கள், அந்தப் பெண்ணைத் தவறாகவும் பேசாதீர்கள். கல்யாணம் முதலில், குழந்தை பிறகு. ஆண்டு இன்னும் மாறவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரம் போனாலும் சொல்வேன். இங்கிலாந்தின் மேற்கே ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில் ஷ்ரூஸ்பரி நகரத்துக்கு வடக்கே மிடில் என்று ஒரு கிராமம். அந்தப் பாரிஷில் ரிச்சர்ட் கஃப் என்பவர் இருந்தார். 1635-இல் பிறந்தவர். பிரபு இல்லை, போதகர் இல்லை. கொஞ்சம் நிலம், கொஞ்சம் சட்ட அறிவு. தேவாலயத்தில் யார் எந்த இருக்கையில் உட்கார்வது என்பதில் ஊரில் அடிக்கடி தகராறு. அங்கே இருக்கை ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்கும் நிலத்துக்கும் சொந்தம். வீட்டை வாங்கினால் தேவாலயத்தில் இருக்கையும் சேர்ந்து வரும். நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1701-இல், அறுபத்தாறு வயதில், இந்த மனிதர் உட்கார்ந்து இருக்கைகளின் வரைபடம் போட்டார். பிறகு இருக்கை இருக்கையாக, அதற்குரிய குடும்பம் எங்கிருந்து வந்தது, யார் யாரை மணந்தார், யார் சொத்தைத் தொலைத்தார், எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தார். முன்வரிசைப் பெரிய மனிதர்களோடு நிறுத்தவில்லை. குடிசைக்காரர்களின் இருக்கை வரைக்கும் போனார். ஒரு தம்பதி தினமும் சாராயக்கடைக்குப் போனார்களாம். கொஞ்ச நாளில் அவர்களுடைய மாடுகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தனவாம். ஒரே வரி. அந்த ஒரு வரியில் குடி, கடன், ஜப்தி எல்லாம் இருக்கிறது. மதுவிலக்கு மேடைகளில் நானும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன், இந்த மாட்டு வரி எனக்கு வாய்த்ததில்லை.

அவர் சொல்லும் இன்னொன்று. உள்நாட்டுப் போர் தொடங்கிய காலம். அரசர் முதலாம் சார்லஸ் பக்கத்து ஆட்கள், பதினாறு முதல் அறுபது வயதுவரை ஆண்கள் எல்லாரும் மிடில் குன்றுக்கு வர வேண்டும் என்று ஓலை அனுப்பினார்கள். கஃபுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. வேடிக்கை பார்க்க ஓடினார். குன்றின் உச்சியில் ஒருவர் கையில் தாளோடு நிற்கிறார். பக்கத்தில் மூன்று நான்கு ஈட்டிகள் மண்ணில் நட்டுவைத்திருக்கின்றன. அவர் கூவுகிறார்: அரசருக்காகப் போர்முனை வருபவருக்கு வாரம் பதினான்கு குரோட்டு கூலி! குரோட்டு என்றால் நான்கு பென்னி நாணயம். ஆக வாரத்துக்கு ஐம்பத்தாறு பென்னி. பண்ணையில் மாரடிக்கிறவனுக்கு அது பெரிய காசு. போனார்கள். வீடு வாசல் இல்லாமல் இடம் இடமாகத் தைத்துத் திரிந்த ஒரு தையல்காரர்கூடப் போனார். மிடில், மார்ட்டன், நியூட்டன் என்ற மூன்று குக்கிராமங்களிலிருந்து மட்டும் இருபது பேர். அதில் பதின்மூன்று பேர் செத்தார்கள். மூன்று சிற்றூரிலேயே இத்தனை என்றால் நாடு முழுக்க எத்தனை ஆயிரம் இருக்கும் என்று கஃப் கேட்கிறார்.

பெரிய சரித்திர நூல்களில் அந்தப் போர் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்தது. வாரக் கூலிக்குப் போன தையல்காரருக்கு அதில் இடமில்லை. ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து ஒரு கிழவர், சின்னப் பையனாகப் பார்த்ததை மறக்காமல் எழுதிவைத்ததால் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். அதனால் கறி ஆகுமா என்றார்.

ஆகும் அண்ணா. அதுதான் என் இரண்டாவது செய்தி.

இங்கே பாரிஷ் என்பது வெறும் தேவாலய எல்லை அல்ல. 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தந்தப் பாரிஷ் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். அதற்கு ஊரார் வரி கட்ட வேண்டும். வரி கட்டுகிறவன் கேட்பான் அல்லவா, இவன் எங்கள் ஊர் ஏழையா, பக்கத்து ஊர் ஏழையா என்று? 1662-இல் அதற்கும் சட்டம் வந்தது. கையேந்தி நிற்கிறவனை நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரித்து எழுதிக்கொள்வார்கள். எங்கே பிறந்தாய், எவரிடம் வேலை பார்த்தாய், எத்தனை மாதம், என்ன கூலி? மணமாகாத ஒருவர் ஒரே ஊரில் முழுதாக ஓர் ஆண்டு கூலிக்கு இருந்தால் அந்த ஊர் அவருக்குச் சொந்த ஊர் ஆகிவிடும். அதைத் தடுக்க, ஐம்பத்தோரு வாரத்துக்கு மட்டும் வேலைக்கு எடுத்துக் கணக்கு முடித்து அனுப்பிய பண்ணைக்காரர்கள் உண்டு. நிரந்தரமாக்காமல் இழுத்தடிக்கும் இன்றைய கம்பெனிகள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். திருமணமாகாத கர்ப்பிணியைப் பிரசவத்துக்கு முன்பே எல்லை தாண்டித் துரத்தினார்கள். குழந்தை இங்கே பிறந்தால் சோறு இந்த ஊர் போட வேண்டுமே!

அந்த விசாரணைத் தாள் இந்த ஊர்க்காரன் என்று சொன்னால் ரொட்டி; இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றி அடுத்த ஊர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறீர்களே, அந்த ஊர்களில் ஏட்டில் இருந்த சுரைக்காய்தான் கறியே! நம்ம கஃப்கூடத் தம் நூலின் கடைசியில், எந்த ஏழை எந்த ஊர்ப் பொறுப்பு என்று மிடில் பக்கத்து ஊர்களோடு போட்ட வழக்குகளை எழுதியிருக்கிறார்.

சம்பந்தியம்மா வம்சத்துக்கு வருகிறேன். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை இணையத்தில் பார்த்துவிட்டோம். குதிரைவீரரைக் காணோம். தலைமுறைக்குத் தலைமுறை 'ஆக். லேப்.', அதாவது பண்ணைக் கூலி. அதற்கு மேல் இணையம் கைவிரித்தது. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒரு பழுப்புக் கட்டைப் பிரித்தபோது சம்பந்தியம்மாவின் முன்னோர் ஒருவர் கிடைத்தார். 1790-களின் விசாரணைத் தாள், ஒரே பக்கம். எட்டு வயதில் காக்கை விரட்டப் போனது, பிறகு மூன்று பண்ணைகளில் வேலை, கூலி பாக்கி, மனைவி, இரண்டு பிள்ளைகள், அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. பிரபுக்களுக்குச் சலவைக்கல்லில் வாழ்த்துரை வெட்டியிருக்கிறார்கள். இவர் தம் கதையைத் தாமே சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பெருக்கல் குறியைப் படம் எடுத்துத் தருவீர்களா என்று கேட்டார். இப்போது அது அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கிறது. குதிரைவீரரைப் பற்றிப் பேச்சே இல்லை.

நமக்கும் இந்தப் பதிவேடுகளுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மிடிலிலிருந்து அதிகத் தூரமில்லாத மோர்ட்டன் சே பாரிஷில் 1725-இல் பிறந்தவர் ராபர்ட் கிளைவ். அடக்கமானதும் அங்கேதான், 1774-இல். நடுவில் அவர் கல்யாணம் எங்கே நடந்தது? 1753-இல், சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில். ஒரு ஷ்ரோப்ஷயர்க்காரரின் வாழ்க்கையை முழுதாகப் பார்க்க நம்ம சென்னைக்கு வந்தாக வேண்டும்! ஆனால் கிளைவைத் தேட ஆயிரம் பேர். பெருக்கல் குறி போட்டவரைத் தேட யார் இருக்கிறார்கள்?

இதனால்தான் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காப்பகத்தின் வாசிப்பறை நேரத்தைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே என்கிறார்கள். வரவில்லை. ஞானஸ்நான ஏடுகள் வந்திருக்கின்றன, ஏனென்றால் அவற்றுக்குச் சந்தா கட்ட ஆள் இருக்கிறது. ஏழைகளின் விசாரணைத் தாள்கள் பெரும்பாலும் கட்டுக்கட்டாக, பெயர்ப்பட்டியல்கூட இல்லாமல் அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர் பார்க்கக்கூடிய சனிக்கிழமையைத்தான் முதலில் மூடுவார்கள். மாவட்ட மன்ற உறுப்பினர் அவர்கள் இங்கே இருப்பது நம் பாக்கியம். ஐயா, அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில் இந்தச் சனிக்கிழமையை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தலையசைக்கிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் மணி அடித்துவிட்டார். நிலப்படமும் கல்லறைக் கல்லும் போச்சு. தசமபாகம் என்றால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கட்டுவது; 1836 சட்டத்துக்குப் பிறகு அதற்காக வரைந்த படங்களில் வயலுக்கு வயல் எண் இருக்கும், கூட இருக்கும் பட்டியலில் வயலின் பெயர் இருக்கும், தேடிப் பாருங்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காப்பகத்தின் சனிக்கிழமையை மூடக் கூடாது என்று கேட்கும் கையெழுத்துத் தாள் வடை மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரையும் முகவரியையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். எண்ணெய்க் கையோடு தொட வேண்டாம், மன்றத்தில் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் என்னோடு வந்து விசாரணைத் தாள்களுக்குப் பெயர்ப்பட்டியல் போட ஆறு பேர் வேண்டும். பழைய ஆங்கிலக் கையெழுத்து படிக்க நானே சொல்லித் தருகிறேன், மதியச் சாப்பாடும் என் பொறுப்பு. பென்சில் மட்டும் கொண்டுவாருங்கள், பேனாவை அங்கே உள்ளே விடமாட்டார்கள். நன்றி, வணக்கம்.