மேசையில் பதித்த கண்ணாடி

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

சீட்டாடும் இடத்தில் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் பணம் கட்டவில்லை. ஆனால் ஒருவருடைய கையிலுள்ள சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே, எதிரில் இருப்பவர் ஏமாறுவாரா மாட்டாரா என்று ஆடுபவரைவிடப் பதற்றமாக நிற்பார். ஐரோப்பாவில் போக்கர் என்ற பந்தயச் சீட்டாட்டம் தொலைக்காட்சி ஆட்டமாக வளர்ந்த வரலாற்றை, இந்தப் பின்னால் நிற்பவரின் வரலாறாகவே சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போட்டிகளில் பெரும்பாலும் ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கப்படும். மற்ற எல்லோரும் பந்தயத்திலிருந்து பின்வாங்கிவிட்டால், மிஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலேயே பந்தயத்தை அள்ளிக்கொள்ளலாம். அவரிடம் நல்ல சீட்டு இருந்ததா, அல்லது ஒன்றுமே இல்லாமல் மிரட்டினாரா என்பது எவருக்கும் தெரியாது. இந்த ஆட்டத்தின் உயிர் அந்த மறைவில் இருக்கிறது. தொலைக்காட்சிக்கு அதுவே பெரிய இடைஞ்சலாகவும் இருந்தது. அமெரிக்காவில் 1970-களிலேயே போக்கர் உலகத் தொடர் என்ற பெரும் போட்டியைப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஆனால் பணத்துக்குப் பதிலான பந்தயச் சில்லுகளைத் தள்ளும் கைகளையும் அசையாத முகங்களையும் பார்ப்பவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்?

விடை 1999-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் கிடைத்தது. பிரிட்டனின் சேனல் 4 நள்ளிரவில் ஒளிபரப்பிய 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சிக்காக, ஒவ்வோர் ஆட்டக்காரரின் முன்பும் மேசையில் ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்து, அதன் அடியில் கேமராவை வைத்தார்கள். ஆட்டக்காரர் சீட்டை அந்தக் கண்ணாடியின் மேல் வைத்தால், வீட்டில் இருப்பவருக்கு அது தெரியும். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியாது. அதே வழியை அமெரிக்காவில் ஹென்றி ஓரன்ஸ்டீன் 1995-இல் காப்புரிமை பெற்று வைத்திருந்தார். போலந்தில் பிறந்து, நாஜி முகாம்களிலிருந்து உயிர்தப்பி, பொம்மை வணிகத்தில் பெயர்பெற்ற மனிதர் அவர். ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த முறை பெரிதாகப் பரவியது 2003-இல்தான். ஐரோப்பா நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

அந்தக் கண்ணாடி செய்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பின்னால் நிற்பவர் ஒருவருடைய கையை மட்டுமே பார்ப்பார். கண்ணாடியோ பார்ப்பவரை மேசையைச் சுற்றியுள்ள அத்தனை பேரின் முதுகுக்குப் பின்னாலும் ஒரே நேரத்தில் நிறுத்தியது. எவருக்கும் தெரியாத முழு உண்மையும் தெரிந்தவராக அவர் உட்கார்ந்திருக்க, உதவாத இரண்டு சீட்டுகளை வைத்துக்கொண்டு ஒருவர் பெரும்பந்தயம் கட்டுவதும், வெல்லும் சீட்டை வைத்திருந்தவர் தயங்கித் தயங்கி அதைக் கீழே போடுவதும் நாடகக் காட்சிகளாகிவிட்டன. முதல் தொடரை வென்ற டேவ் அலியட் ஹல் நகரத்துக்காரர். 'டெவில்ஃபிஷ்' என்ற பட்டப்பெயரும் கைநிறைய மோதிரங்களுமாக அவர் நள்ளிரவு நட்சத்திரமானார்.

அடுத்த ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த 'போக்கர் மில்லியன்' போட்டியில் 10 லட்சம் பவுண்டை வென்ற ஜான் டூதி, தொழிலால் தொலைக்காட்சி இயக்குநர். 2004-இல் 'ஐரோப்பியப் போக்கர் டூர்' என்ற சுற்றுத்தொடரைத் தொடங்கியவரும் அவரே. அது தற்செயல் அல்ல என்பது என் கருத்து. இந்த ஆட்டத்தைப் படமாக்கத் தெரிந்தவரால்தான் அதைத் தொடராக்க முடிந்தது. பார்சலோனாவில் தொடங்கிய முதல் சுற்று 2005-இல் மான்டே கார்லோவில் நிறைவுற்றது.

இதற்கெல்லாம் பணம் யாருடையது? கால்பந்து வீரருக்கு ஊதியம் உண்டு. டென்னிஸ் வீரருக்குப் போட்டி நடத்துபவர் பரிசு தருகிறார். போக்கரிலோ பரிசுத்தொகை பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் தாமே கட்டிய நுழைவுக் கட்டணம்தான். 2015-இல் டூதி தொடங்கிய சுற்றுத்தொடரின் பார்சலோனா முதன்மைப் போட்டிக்குக் கட்டணம் 5,300 யூரோ, 1,694 பதிவுகள். படப்பிடிப்புக்கும் விளம்பரத்துக்கும் தோள்கொடுத்தவை இணையத்தில் போக்கர் ஆடவைக்கும் போக்கர்ஸ்டார்ஸ் போன்ற நிறுவனங்கள். அவற்றுக்குத் தொலைக்காட்சியில் தோன்றும் வெற்றியாளரைவிட, அவரைப் பார்த்துவிட்டு இரவோடிரவாகக் கணினியில் கணக்குத் தொடங்குபவர் முக்கியமானவர். அமெரிக்காவில் 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 86 டாலர் இணையப் போட்டி வழியாக உலகத் தொடருக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றதை நிறுவனங்கள் மறக்கவே இல்லை. ஐரோப்பாவிலும் அத்தகைய கதைகள் கிடைத்தன: பத்திரிகையாளர் விக்டோரியா கோரன் 2006-இல் லண்டனில் 5 லட்சம் பவுண்டு வென்றார்; இணையத்தில் ஆடிப் பழகிய நார்வேப் பெண் அனெட் ஓப்ரெஸ்டாட் 2007-இல் தமது 18-ஆவது வயதில், அதே நகரில், உலகத் தொடரின் முதல் ஐரோப்பியப் பதிப்பில் 10 லட்சம் பவுண்டு வென்றார். உலகத் தொடர் வழக்கமாக நடக்கும் லாஸ் வேகாஸில் அந்த வயதில் அவரை உட்காரவே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால், கட்டணத்தை இழந்து எழுந்து போன நூற்றுக்கணக்கானவர்கள் படத்தொகுப்பாளரின் மேசையிலேயே நின்றுவிட்டார்கள். கண்ணாடி எல்லாச் சீட்டுகளையும் காட்டியது. எல்லாக் கணக்குகளையும் காட்டவில்லை.

பணம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள், வேடிக்கையாகச் சொல்வதானால், திருடர்கள். 2010 மார்ச்சில் பெர்லினில் முகமூடி அணிந்து, ஐரோப்பியப் போக்கர் டூர் போட்டி நடந்த விடுதிக்குள் புகுந்தவர்கள் தேடிப்போனது, சில்லுகள் குவிந்திருந்த மேசைகளை அல்ல. நுழைவுக் கட்டணம் வசூலான பதிவு மேசையை.

பிறகு ஒளிபரப்பு மெல்ல மெல்ல இணைய நேரலைக்கு நகர்ந்தது. தொகுத்துக் காட்டிய காலத்தில் நாலைந்து சிறந்த ஆட்டச் சுற்றுகளை மட்டும் பார்த்தவர், இப்போது மணிக்கணக்கில் நீளும் சலிப்பையும் சேர்த்தே பார்க்கிறார். சீட்டைப் படிக்கும் வேலையை, சீட்டுக்குள் பதித்த மின்னணுச் சில்லும் மேசைக்கடியில் உள்ள உணர்வியும் எடுத்துக்கொண்டன. ஆனாலும் சீட்டுகளைக் காட்டும் ஒளிபரப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். இல்லையென்றால் வீட்டிலிருப்பவர் ஒரு குறுஞ்செய்தியில் மேசைக்குத் தகவல் சொல்லிவிடலாம். பின்னால் நிற்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்ற அந்தப் பழைய சட்டம்தான் இது. அவரை அதட்டுவதற்குப் பதிலாக, அந்தச் சுற்று ஆட்டம் முடிந்த பிறகே காட்சியை அவரிடம் அனுப்புகிறார்கள்.