292 தோல்விகள்

நண்பர்களே, வணக்கம்.

கிரிக்கெட்டில் ஓர் அணி தோற்றால் அது அணியின் தோல்வி. மிஞ்சிப்போனால் கேப்டன் பெயரில் எழுதுவார்கள். பேஸ்பாலில் அப்படியில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் தோல்வி ஒரு பிட்ச்சரின் பெயரில், அதாவது பந்து எறிபவரின் பெயரில் பதிவாகிறது. எந்த ரன்னோடு எதிரணி முந்தி, அந்த முன்னிலையைக் கடைசிவரை இழக்கவே இல்லையோ, அந்த ரன்னை எடுத்தவரைக் களத்தில் ஏற விட்ட பிட்ச்சர்தான் தோற்றவர். அவருடைய அணி ஒரு ரன்கூட அடிக்காமல் போனாலும் சரி, கணக்கு அவருக்குத்தான்.

அந்தக் கணக்கில் அமெரிக்க பிட்ச்சர் நோலன் ரயானின் எண் 292. அவரைவிட அதிகம் தோற்றவர்கள் சை யங், பட் கால்வின் என்று இரண்டே பேர். இருவரும் 19-ஆம் நூற்றாண்டில் ஆடத் தொடங்கியவர்கள்.

அவர் காலத்துக்காரர்களைப் பாருங்கள். டாம் சீவர் 311 வெற்றி, 205 தோல்வி. ஸ்டீவ் கார்ல்டன் 329 வெற்றி, 244 தோல்வி. டான் சட்டன் சரியாக 324 வெற்றி. ரயானும் அதே 324. ஆனால் சட்டனுக்கு 256 தோல்வி, ரயானுக்கு 36 அதிகம். இந்த 36-ஐ வைத்துத்தான் பலர் ரயானைக் குறைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவர் மீது குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்கு பந்துகளைத் தவறாக எறிந்தால் எதிராளி அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போவார். அப்படி ரயான் நடக்கவிட்டவர்கள் 2,795 பேர். இதுவும் ஒரு சாதனை எண்தான், வேறு எவரும் இதன் அருகில்கூட இல்லை. சில தோல்விகள் அவரே தேடிக்கொண்டவை. சரி, மற்றவை?

1987-க்கு வாருங்கள். ரயான் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் இருக்கிறார். வயது 40. அந்த ஆண்டு நேஷனல் லீகில், அதாவது அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீகுகளில் ஒன்றில், ஒன்பது இன்னிங்ஸுக்கு (அதுதான் ஒரு முழு ஆட்டம்) சராசரியாக மிகக் குறைந்த ரன் கொடுத்தவர் அவர்தான்: 2.76. மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றும் ஸ்ட்ரைக் அவுட்டிலும் அவர்தான் முதலிடம்: 270. இவ்வளவும் செய்தவரின் கணக்கு 8 வெற்றி, 16 தோல்வி. அவர் எறிந்த நாட்களில் அவருடைய அணி மட்டையடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த 16 தோல்விகளும் இந்த 292-க்குள்தான் கிடக்கின்றன. அவற்றை எடுத்து ஒரு மனிதனின் திறமையை அளக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. 292 முறை தோற்க வேண்டுமானால் அத்தனை முறை பந்து கையில் கிடைக்க வேண்டும். சுமாரான பிட்ச்சரை நூறு தோல்விக்கு முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரயான் 27 சீசன் ஆடினார், 773 ஆட்டங்களைத் தொடங்கினார், அதில் 222 ஆட்டங்களைத் தானே முடித்தார். இன்று ஐந்தாறு இன்னிங்ஸில் பந்தை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இனி ஒருவர் 292 தோற்பார் என்று நான் நினைக்கவில்லை. 1999-இல், பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 497 பேரில் 491 பேர் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவருக்கு அடுத்து நான் மிகவும் மதிக்கும் பெயர் ஃபில் நீக்ரோ. 318 வெற்றி, 274 தோல்வி. சுழலாமல் மிதந்து வரும் நக்கிள்பால்தான் அவர் ஆயுதம். 1977 முதல் 1980 வரை நான்கு ஆண்டும் நேஷனல் லீகில் அதிகம் தோற்றவர் அவர். அதே காலத்தில், முதல் மூன்று ஆண்டுகள், லீகிலேயே அதிக இன்னிங்ஸ் எறிந்தவரும் அவரே. அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு வேறு யாரை நம்புவது?

1979-இல் நடந்ததைக் கேளுங்கள். அவருடைய தம்பி ஜோ நீக்ரோவும் நக்கிள்பால்காரர், ஹூஸ்டனில் ஆடுகிறார். அந்த ஆண்டு லீகில் அதிக வெற்றி இந்த அண்ணன் தம்பிக்குத்தான், ஆளுக்கு 21. தம்பிக்கு 11 தோல்வி, அண்ணனுக்கு 20. தம்பியின் அணி அந்த சீசனில் 89 ஆட்டங்களில் வென்றது. அண்ணனின் அணி வென்றது 66. அந்த 66-இல் 21, நாற்பது வயதான ஃபில் நீக்ரோ வாங்கிக் கொடுத்தவை.