குலுக்கல்ல போன நாடு

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவோட பூர்வகுடிகளான செரோக்கி மக்கள அவங்க மண்ண விட்டு விரட்டுனத பத்தி பேச கூப்பிட்டிருக்காங்க, சந்தோஷம். பொதுவா இந்த கதைய கண்ணீர்ப் பாதைன்னு சொல்ற அந்த நடையில இருந்துதான் ஆரம்பிப்பாங்க, நான் ஒரு லாட்டரியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

1832ல ஜார்ஜியா மாகாண அரசு ஒரு குலுக்கல் நடத்துச்சு. பரிசு என்னன்னா நிலம், விவசாய நிலம்னா 160 ஏக்கர், தங்கம் கிடைக்கிற பக்கம்னா 40 ஏக்கர். ஆனா அது எதுவும் காலி நிலம் இல்லீங்க, செரோக்கி குடும்பங்க வீடு கட்டி சோளம் போட்டு ஆடுமாடு வச்சு வாழ்ந்துட்டிருந்த இடம். ஜான் ராஸ்னு அவங்க தலைவர், வாஷிங்டன்ல போய் நியாயம் கேட்டுட்டு 1835ல வீடு திரும்புறாரு, பாத்தா வீட்டுக்குள்ள வேற ஆளு. லாட்டரில விழுந்துச்சாம்!

இவங்கள காட்டுவாசி, நாகரிகம் வேணும்னு வெள்ளைக்காரங்க சொல்லிட்டே இருந்தாங்க இல்லையா, சரின்னு எல்லாத்தையும் செஞ்சு காட்டுனாங்க. செக்கோயான்னு ஒருத்தர் தனியா உக்காந்து அவங்க மொழிக்கு எழுத்து உண்டாக்குனாரு, 1827ல அரசியல் சட்டம், 1828ல சொந்த பத்திரிகை. வெள்ளைக்கார பண்ணையாருங்க மாதிரி கறுப்பின அடிமைங்களையும் சில பேரு வச்சிருந்தாங்க, அதையும் மறைக்கக் கூடாது. இவ்ளோ செஞ்சும் என்ன பிரயோஜனம், அந்த மலைப்பக்கம் தங்கம் கிடைச்சுது, பருத்தி போட நிலம் வேணும், அவ்ளோதான்.

1830ல ஜாக்சன் ஜனாதிபதியா இருக்கும்போது பூர்வகுடிகள மேற்குப் பக்கம் வெளியேத்துற சட்டம் வந்துச்சு, கீழ்சபையில 102க்கு 97, அஞ்சே ஓட்டு வித்தியாசம். 1832ல சுப்ரீம் கோர்ட் ஜார்ஜியா சட்டம் செரோக்கி நாட்டுல செல்லாதுன்னே தீர்ப்பு சொல்லிடுச்சு. கேஸ்ல ஜெயிச்சும் பூமிய காப்பாத்த முடியல, ஏன்னா தீர்ப்ப நிறைவேத்த யாரும் கை தூக்கல.

அப்புறம் 1835 டிசம்பர்ல நியூ எக்கோட்டாங்கிற ஊர்ல அமெரிக்க அரசோட ஒரு ஒப்பந்தம். செரோக்கி தலைவர்கள்ல ஒருத்தரான மேஜர் ரிட்ஜும் அவர் கூட சேந்த கொஞ்ச பேரும் மொத்த நிலத்தையும் 50 லட்சம் டாலருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, இனிமே இங்க இருந்தா அழிஞ்சிடுவோம்னு அவங்க கணக்கு, அவங்கள வெறும் துரோகின்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. ஆனா அதுக்கு அதிகாரம் அவங்களுக்கு கிடையாது. ராஸ் 15,000க்கு மேல கையெழுத்து வாங்கி எதிர்ப்பு மனு குடுத்தாரு, மேல்சபையான செனட் அத தூக்கி ஓரமா வச்சுட்டு, தேவையான மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒரே ஒரு ஓட்டு கூடுதலா வாங்கி ஒப்பந்தத்த பாஸ் பண்ணிடுச்சு.

1838 மே மாசம் ஜெனரல் ஸ்காட் படையோட வந்தாரு. சாப்பிட்டுட்டிருந்தவங்க, வயல்ல நின்னவங்க எல்லாரையும் அள்ளிட்டு போய் மரவேலி அடைப்புக்குள்ள தள்ளுனாங்க, வெயில், நல்ல தண்ணி இல்ல, வயித்துப்போக்கு, நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நிறைய பேரு அங்கயே செத்துப் போய்ட்டாங்க. மிச்சப்பேர் கூட்டம் கூட்டமா இன்னைக்கு ஓக்லஹோமான்னு சொல்ற இடத்துக்கு போனாங்க, நடுக்குளிர்ல மிசிசிப்பி ஆத்துல பனிக்கட்டி மிதக்குது, தாண்ட முடியாம கரையிலயே கிடந்தாங்க. ராஸோட மனைவியும் வழியிலேயே இறந்துட்டாங்க. சுமார் 16,000 பேர்ல 4,000 பேர் செத்திருப்பாங்கன்னு சொல்வாங்க. ரிட்ஜையும் அவர் மகனையும் பத்திரிகை நடத்துன பூடினாட்டையும் அந்த ஒப்பந்தம் போட்டதுக்காக 1839 ஜூன்ல ஒரே நாள்ல சொந்த ஜனங்களே கொன்னுட்டாங்க.

அந்த நியூ எக்கோட்டா ஒப்பந்தத்துலயே 7ஆவது பிரிவு ஒண்ணு இருக்கு, செரோக்கிகளுக்கு அமெரிக்க கீழ்சபையில ஒரு பிரதிநிதி இருக்கலாம்னு. 2019ல செரோக்கி நேஷன்ங்கிற அவங்க அரசு கிம் டீஹிங்கிற அம்மாவ அந்த எடத்துக்கு நியமிச்சுது. எந்த பேப்பர தாத்தா பாட்டிங்க செல்லாதுன்னு சொன்னாங்களோ அதே பேப்பர காட்டி பேரப்புள்ளைங்க இப்ப சீட்டு கேக்குறாங்க.