கம்பியைத் தடிப்பாப் போட்டா ஒளி நிறைய மாட்டாதா?

அடுத்த கேள்வி பின்வரிசை அண்ணன் கேட்டது. இங்க சுங்கை சிப்புட் பக்கம் வீடு வீடா ஃபைபர் இழுக்கிற வேலையாம். "ஒத்தை ஃபோட்டானை, அதாவது ஒரே ஒரு ஒளித்துகளைப் பிடிக்கிற மீக்கடத்தி (குளிர வச்சா மின்தடையே இல்லாத பொருள்) படலம் 5 நானோமீட்டர் தடிப்புதான்னு சொன்னீங்க. இன்னும் தடிப்பாப் போட்டா நிறைய ஒளி மாட்டுமே?"

சரியான இடத்துல கை வச்சிருக்கீங்கண்ணே. நிறைய மாட்டும், உண்மை. ஆனா மாட்டினது நமக்குத் தெரியாமலே போயிடும்.

தூரத்து ஃபைபர் லைன்ல போற 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில, ஒரு ஃபோட்டானோட ஆற்றல் வெறும் 0.8 எலக்ட்ரான் வோல்ட். சாதாரண ஒளி உணரியில இருக்கிற சிலிக்கானுக்கு 1.1 வேணும். அதனால சிலிக்கான் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. நம்ம படலத்துல இருக்கிற நையோபியம் நைட்ரைடை 2, 3 கெல்வினுக்குக் குளிர வச்சா கதையே வேற. அதுக்குள்ள ஜோடி சேர்ந்து ஓடுற எலக்ட்ரான்களைப் பிரிக்கச் சில மில்லி எலக்ட்ரான் வோல்ட்டே போதும். ஒரே ஃபோட்டான் நூத்துக்கணக்கான ஜோடியைப் பிரிச்சு விட்டுடும்.

நம்ம செம்பனைத் தோட்டத்துல ஒரு சின்ன வாய்க்கால், கரை தட்டத் தண்ணி ஓடுதுன்னு வைங்க. ஒரு மண்கட்டி விழுந்தா தண்ணி ரெண்டு ஓரத்துலயும் நெருக்கி, கரையை உடைச்சிடும். அதே கட்டி பேராக் ஆத்துல விழுந்தா யாருக்குத் தெரியும்? நம்ம கம்பியும் வாய்க்கால் மாதிரிதான்; அந்தப் படலத்தையே 100 நானோமீட்டர் அகலத்துக்கு வெட்டினது. அது தாங்குற மின்னோட்டத்துக்குச் சத்தே கீழ ஓட விட்டிருப்பாங்க. ஃபோட்டான் விழுந்த இடத்துல மீக்கடத்தல் போயிடும், மின்னோட்டம் ஓரமா நெருக்கும், ஓரமும் தாங்காது. கம்பி குறுக்கால முழுசா மின்தடை வந்து ஒரு துடிப்பு வெளிய வரும். சில பத்து நானோ விநாடியில ஆறி, மறுபடி தயார். தடிப்பாப் போட்டீங்கன்னா அந்த ஆற்றல் பங்கு போட்டே தீர்ந்துடும்.

2001-ல மாஸ்கோவில கோல்ட்ஸ்மன் குழு இதை முதல்ல செஞ்சு காட்டினப்ப, நீங்க சொல்ற குறை இருக்கத்தான் செஞ்சது. பெரும்பாலான ஒளி படலத்தை ஊடுருவிப் போயிடும். அதுக்குப் பின்னால வந்தவங்க தடிப்பைக் கூட்டலை. கம்பியைப் பாம்பு மாதிரி மடக்கி மடக்கிப் போட்டு, பின்னால ஒரு எதிரொளிப்பான் வச்சு, தப்பிச்ச ஒளியைத் திருப்பி விட்டாங்க. 2013-ல அமெரிக்காவில டங்ஸ்டன் சிலிசைட் படலத்துல 93 சதவீதம் வரைக்கும் பிடிச்சுட்டாங்க. இந்தத் துறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அதுதான்.

நீங்க வீட்ல மாட்டுற பெட்டிக்கு இது வேணாம்ணே. அங்க ஒளி தாராளமா வருது, சாதாரண டையோடே போதும். 2023 டிசம்பர்ல நாசாவோட சைக்கி விண்கலம் 3 கோடி கிலோமீட்டருக்கு அப்பால இருந்து லேசர்ல வீடியோ அனுப்புச்சு பாருங்க, கலிஃபோர்னியாவில பாலோமார் தொலைநோக்கியில அந்த ஃபோட்டான்களை எண்ணினது இந்தக் கம்பிங்கதான்.