கூத்துக்குப் போகவா, குப்பிக்குப் போகவா?

சரி, அடுத்த கேள்வி. களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிரிக்கா. வாசிக்கிறன்: "அண்ணா, நான் வந்தாறுமூலையில, கிழக்குப் பல்கலைக்கழகத்தில கலை கலாசார பீடம், முதலாம் வருசம். நாளாந்தம் பஸ்ஸிலதான் போய் வாறன். சீனியர் அக்காமார் கூத்துப் பழக வரச்சொல்றாங்க, சங்கத்துக்கும் பேர் தரச்சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். அம்மாதான், படிக்கப் போனா படிச்சிட்டு வா எண்டு ஏசுறா. ரெண்டையும் செய்யலாமா?"

செய்யலாம் தங்கச்சி. ஆனா உங்கட பிரச்சினை கூத்துமில்ல, படிப்புமில்ல. பஸ். களுவாஞ்சிக்குடியில ஏறி, மட்டக்களப்பு டவுனில இறங்கி, மறுகா செங்கலடிப் பக்கம் போற பஸ்ஸுக்கு நிண்டு... போக வர மூண்டு மூண்டரை மணித்தியாலம் போயிரும். கிழமைக்கு அஞ்சு நாள் எண்டா 17 மணித்தியாலம். இத யாரும் கணக்கில எடுக்கிறல்ல.

படிப்புக்கும் ஒரு கணக்கு இரிக்கி. நம்மட நாட்டுத் தகைமைச் சட்டகத்தில ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியால வேலை. லெக்சர், நூலகம், அசைன்மென்ட், சோதினைக்குப் படிக்கிற எல்லாம் சேர்த்துத்தான். செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுத்தா 750 மணித்தியாலம். அத 15 கிழமையால பிரிச்சா கிழமைக்கு 50. பஸ்ஸையும் போட்டா 67. நித்திரைக்கு ஒரு 49. கிழமையில மொத்தம் இரிக்கிறதே 168. மிச்சம் 52இலதான் சாப்பாடு, குளிப்பு, உடுப்புத் தோய்க்கிற, அம்மாக்கு உதவி, ஃபோன் நோண்டுற எல்லாம். அதுக்குள்ள அஞ்சாறு மணித்தியாலம் தாராளமா எடுக்கலாம். இருபது எடுக்கேலா. அதால கூத்தோ சங்கமோ, ஒண்டத்தான் தெரிவு செய்யணும்.

எத? நான் கூத்தத்தான் சொல்லுவன். நான் கூத்துப் பைத்தியம், அது வேற கத. காரணம் என்னெண்டா கூத்துக்கு ஒரு முடிவு இரிக்கி. ஊரில கூத்தாடுறவர் ஆரு? பகல்ல வயல்லயோ வாவியிலயோ நிக்கிறவர்தான். வெள்ளாமை வெட்டி முடியட்டும், பழகுவம் எண்டு இரிப்பார். ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு பிரிச்சுச் சட்டம் குடுக்கிற, சலங்கை கட்டுற, முழுக்க ஆடி அடுக்குப் பாக்கிற, அரங்கேற்றம் எண்டு படிப்படியாப் போகும். அரங்கேற்றம் முடிஞ்சா மத்தளத்த உறையில போட்டுட்டு அவரவர் வேலைக்குப் போயிருவாங்க.

சங்கம் அப்பிடியில்ல. அதில பதவி எடுத்தா வருசம் முழுக்க உங்கட தலையிலதான். நான் பட்டன். எந்தக் கம்பஸ் எண்டு சொல்லல்ல, விடுங்க. ரெண்டாம் வருசத்தில ஒரு விழாவுக்கு என்னப் பொருளாளராப் போட்டாங்க. பெருமையா இருந்திச்சு. மலருக்கு விளம்பரம் எடுக்கக் கடை கடையா ஏறி இறங்கினன். விழாவும் வடிவா நடந்திச்சு. முடிஞ்சாப்போலதான் வந்திச்சு வினை. கணக்கில 6,500 ரூபா இடிக்கிது. புள்ளிவிபரவியல் சோதினைக்கு முதல் நாள் ராவு, ஹொஸ்டல் கட்டில்ல ஒரு சொப்பிங் பேக் நிறைய பில்லக் கொட்டி வெச்சிட்டு இரிக்கன். பாதி பில்லில எழுத்தே அழிஞ்சு போச்சு, வெயில்ல காச்சட்டைப் பையில திரிஞ்ச கடதாசிதானே. லைட்டுக்கு நேர புடிச்சுப் புடிச்சுப் பாக்கன். விடிய நாலு மணிக்குத்தான் ஆம்பிட்டிச்சு, பந்தல்காரருக்குக் குடுத்த முற்பணத்த எழுதாம விட்டிரிக்கன். அந்தச் சோதினை ரிப்பீட். ரிப்பீட் எழுதி எவ்வளவு நல்லாச் செய்தாலும் அநேகமான இடத்தில 'சி'க்கு மேல தரமாட்டாங்க. கடைசி வருசம் வரைக்கும் அந்த 'சி' என்ட ஜிபிஏயப் புடிச்சு இழுத்திட்டே வந்திச்சு.

அதால முதலாம் வருசத்தில காசு கையாளுற எந்தப் பதவியையும் எடுக்காதீங்க. காலில விழுந்து கேட்டாலும்.

மறுகா, லெக்சர் வரவு. 80 வீதம் வேணும் எண்டு சொல்லியிரிப்பாங்க. மூண்டு கிரெடிட் பாடத்துக்கு 45 மணித்தியால லெக்சர் எண்டா, நீங்க விடக்கூடியது ஒம்பதே ஒம்பது. அதாவது மூண்டு கிழமை. அத முழுக்கக் கூத்துக்குச் செலவழிச்சிட்டா, மாரியில வெள்ளம் வந்து ரோட்டு மூடினா என்ன செய்வீங்க? டெங்கு வந்தா? ரெண்டு கிழமைய அதுகளுக்கு எண்டு ஒதுக்கி வைங்க.

லெக்சருக்கு இடையில பத்துக்கும் ஒண்டுக்கும் நடுவில ஒரு ஓட்டை விழும்தானே. பஸ்ஸில வாற ஆக்களுக்கு அது கன்டீன்லதான் கரையிற, ஒரு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ், ஊர்க்கத. குப்பிய, அதான் பெச்சில விளங்கின ஒருத்தர் மத்தாக்களுக்குச் சொல்லிக் குடுக்கிற வகுப்ப, அந்த நேரத்துக்குக் கேளுங்க. அதில பாதி லெக்சர் தெளிஞ்சிரும். பின்னேரம் கூத்துக்கு மிஞ்சும். பழக்குற ஆக்களிட்ட முதல் நாளே சொல்லிருங்க, அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் ஒழும்பிருவன் எண்டு. பிறகு சொன்னாத்தான் கோவம் வரும்.

அம்மாட பயம் படிப்பப் பத்தியா, இருட்டினாப்பிறகு வாறதப் பத்தியா எண்டு கேட்டுப் பாருங்க. எனக்கெண்டா ரெண்டாவது போலதான் கிடக்கு. ஒரு நாளைக்குப் பழக்கத்துக்கே கூட்டிட்டுப் போங்க. படிப்பு கெட்டிரும் எண்டு சொன்னா, பேராசிரியர் மௌனகுருவச் சொல்லுங்க. நம்மட மட்டக்களப்பு ஆள்தான். பேராதனையில படிக்கிற காலத்தில, அங்க படிப்பிச்ச வித்தியானந்தன் சேர் போட்ட கூத்துகள்ல ஆடினவர். பிறகு உங்கட கம்பஸ்லயே நுண்கலைத்துறையில படிப்பிச்சவர்.

ஒண்டு மட்டும், "வரச்சொல்றாங்க" எண்டு எழுதியிரிக்கீங்க. விருப்பமா கேக்கிறாங்களா, வராட்டிப் பாப்பம் எண்டு வெருட்டுறாங்களா? வெருட்டினா அது பகிடிவதை. அதுக்கு 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டமே இரிக்கி. அப்ப கூத்தெண்டாலும் போகத் தேவல்ல, மாணவர் ஆலோசகரிட்ட போங்க.

கீழ இன்னொண்டும் கேட்டிரிக்கீங்க, பெச் டிரிப்புக்குக் காசு குடுக்காட்டி ஒதுக்கிருவாங்களாம் எண்டு. ரெண்டு கிழமை முகத்தத் திருப்புவாங்க. மறுகா சோதினை வரும், உங்கட நோட்ஸக் கேட்டு அவங்களே வருவாங்க. குடுங்க, என்ன.

அடுத்த கேள்வி ஒலுவில்ல இருந்து...