சபைக்கு நடுவே ஒரு கேமரா

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவ ஆராதனைக்குள் வீடியோ வந்தபிறகு என்னென்ன மாறியிருக்கிறது என்று கொஞ்சம் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். "படமே தெரியாத பெட்டியில உக்காந்து படத்தப் பத்திப் பேசப் போறியளா?" என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கென்னவோ இதைப் பேச வானொலிதான் பொருத்தமான இடம் என்று படுகிறது. ஆராதனையை ஆலயச் சுவருக்கு வெளியே முதலில் கொண்டுபோனதே வானொலிதானே.

அந்தக் கதையை எங்கே போனாலும் சொல்வது என் பழக்கம். இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1921 ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்திலுள்ள கால்வரி எப்பிஸ்கோப்பல் ஆலயம். கேடிகேஏ என்ற வானொலி நிலையம் தொடங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைய மாலை ஆராதனையை அப்படியே ஒலிபரப்பினார்கள். ஆலயத்தின் தலைமைக் குருவுக்கு இந்தப் புதுக் கருவியின்மேல் அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. உதவிக் குருவைப் பிரசங்கம் செய்யவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அது கிடக்கட்டும். கருவிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பொறியாளர்கள் உள்ளே இருந்தாக வேண்டும். ஒருவர் கத்தோலிக்கர், இன்னொருவர் யூதர். ஒயரும் பெட்டியுமாக இரண்டு பேர் நடமாடினால் ஜெபிக்க வந்தவர்களின் கண் அங்கேயல்லவா போகும்? அதனால் இரண்டு பேருக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள்! பாடகரோடு பாடகராக நின்று வேலையை முடித்தார்கள் அந்த இருவரும்.

இந்த அங்கியை மட்டும் நேயர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆராதனையை வெளியே கொண்டுபோக வந்தவர்கள் அன்று ஆராதனைக்கு அடங்கி நின்றார்கள்.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். களியக்காவிளை, பாறசாலை, குழித்துறை, மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1-ல் கேரளத்துக்கும் நமக்கும் நடுவே இங்கே எல்லைக் கோடு விழுந்தது. 1959-ல் தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரிப் பேராயமும் தனியாயிற்று. கோடு விழுந்தாலும் கொடுக்கல் வாங்கலும் பெண் எடுப்பதும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மைல் நடந்தால் போதும், ஒரு ஆலயத்தில் தமிழ்ப் பாட்டு கேட்கும், அடுத்ததில் மலையாளப் பாட்டு கேட்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இன்னொன்று வளைகுடா. வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருப்பார். நம் ஆலயங்களுக்குள் வீடியோ வந்ததே அவர்களுக்காகத்தான். லீவு கிடைக்காத அண்ணன் பார்க்க வேண்டும் என்று 1980-களில் தங்கச்சி கல்யாணத்தை கேசட்டில் பிடித்து, ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது ஒருவர் பெட்டியில் கொடுத்தனுப்புவார்கள்.

குழித்துறைக்குப் பக்கம் அப்படி ஒரு கல்யாணம். பாடகர் குழுவில் நானும் நிற்கிறேன். கேமராக்காரர் பீடத்துப் படியிலேயே ஏறிவிட்டார், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கூட ஒரு பையன், தலைக்கு மேலே லைட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். அந்த வெளிச்சத்தின் சூட்டில் பெண்ணுடைய பவுடர் கரைந்து வழிகிறது. மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரம் யாரோ ஒரு சித்தியின் தலை குறுக்கே வந்துவிட்டது. நாங்கள் பாட்டைத் தொடங்கிவிட்டோம். கேமராக்காரர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். எங்கள் பாடகர் குழுத் தலைவர் கண்டிப்பானவர். அவர் கை அசையாமல் நாங்கள் மூச்சுகூட விடமாட்டோம். அன்றைக்குக் கேமராக்காரர் கைக்கு நிறுத்திவிட்டோம், அவரும் சேர்ந்துதான்! "ஐயா, கெட்டினது விழல்ல. ஒருக்கா கூடிக் கெட்டச் சொல்லுங்க" என்கிறார் கேமராக்காரர். ஆயர் பெண்ணின் அப்பாவைப் பார்க்கிறார், அப்பா லைட்டைப் பார்க்கிறார். மாப்பிள்ளை கட்டின தாலியில் மறுபடி கை வைத்து, கட்டுவதுபோல் காட்டினார். ஆயர் கையில் விரித்த புத்தகத்தோடு காத்து நின்றார்.

இப்போது சொல்லுங்கள், அந்த ஆராதனையை நடத்தியது யார்? இன்றைக்கு நான் பேச வந்தது முழுக்க இந்தக் கேள்விதான். வீடியோ நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. அது வந்தாயிற்று, இனி போகாது.

போக வேண்டாம் என்பதற்கு ஒரு காரியம் சொல்கிறேன். இப்போது எங்கள் பகுதியில் துக்க வீட்டுச் செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போதே, கீழே அடக்க ஆராதனையின் நேரலை இணைப்பும் சேர்ந்தே வருகிறது. வெளியூர்க்காரர்களுக்குப் புதுமையாக இருக்கலாம், இங்கே அது நடைமுறை. பக்கத்து ஊரில் ஒரு அம்மா இறந்தார்கள். மகள் குவைத்தில் நர்ஸ், வர முடியவில்லை. டியூட்டிக்கு நடுவே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேமராவோ மலர்வளையம் வைக்க வந்த பிரமுகர்களையும் இரங்கல் உரை ஆற்றுகிறவர்களையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருக்கிறது. அவள் அண்ணனுக்கு போன் பண்ணினாள். "அண்ணா, அம்மைக்க மொகத்த ஒருக்கா காட்டச் சொல்லு. இந்த ஆளுவள நான் என்னத்துக்குப் பாக்கணும்?" அண்ணன் எழுந்துபோய் கேமராக்காரரின் காதில் சொன்னதை ஆயர் கவனித்துவிட்டார். உரையாற்றக் காத்திருந்தவர்களைக் கையமர்த்தினார். பெட்டியைச் சுற்றி நின்றவர்களை விலகச் சொன்னார். கேமராவை அருகில் வரவழைத்து, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "மக்களே, அம்மையப் பாத்துக்கோ" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். பிறகுதான் ஜெபம். இரங்கல் உரைக்காரர்களில் ஒருவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் என்று கேள்வி. இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே கேமராவை நடத்தியவர் ஆயர்.

பிறகு 2020 வந்தது. மார்ச் 22 சுய ஊரடங்கு, 25-லிருந்து முழு ஊரடங்கு, ஏப்ரல் 12 ஈஸ்டர். ஆளில்லாத ஆலயத்தில் ஆயர் மட்டும் நின்று "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ஒரு கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார். எல்லையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கேரளத்தில் ஜூன் மாதமே கட்டுப்பாடுகளோடு வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் எல்லா இடத்துக்கும் செப்டம்பர் 1-ல்தான் அனுமதி. அனுமதி கிடைத்தும் அந்தப் பக்கம் பல ஆலயங்கள் பூட்டித்தான் கிடந்தன என்பது வேறு விஷயம்.

அந்த மாதங்களில்தான் என் மனதை அரிக்கிற ஒரு காரியம் தெரியவந்தது. பாட்டு. எங்கே தொடங்கினாலும் கடைசியில் பாட்டில்தான் வந்து நிற்பேன் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். கீர்த்தனை என்பது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, சபை வாங்கிப் பாடுவது. ஜூம் கூட்டத்தில் அதைச் செய்து பார்த்தோம். ஒருவர் குரல் உடனே வருகிறது, இன்னொருவர் குரல் அரை நொடி கழித்து வருகிறது, மார்த்தாண்டம் அனுபல்லவியில் இருக்கும்போது மஸ்கட் பல்லவியையே முடிக்கவில்லை. தாளம் எங்கே நிற்கும்? கடைசியில் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பாடினார். ஒவ்வொருவரும் தன் வீட்டில் தனியாக வாயசைத்தோம்.

ஊரடங்கு போய்விட்டது, நேரலை நின்றுவிடவில்லை. ஆலயம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், தொண்டை கிழியப் பாடுகிறோம். ஷார்ஜாவிலிருந்து என் தம்பி மகன் கேட்கிறான், "பெரியப்பா, நம்ம சபையில இப்ப யாருமே பாடுறது இல்லியா?" என்று. விஷயம் என்ன தெரியுமா? நேரலைக்கு ஒலி போவது மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்புகிற மிக்சர் கருவியிலிருந்து. மைக் பிடித்தவர் குரலும் கீபோர்டும்தான் மிக்சருக்குள் போகும். சபைக்கு மைக் கிடையாது! முந்நூறு பேர் பாடியது ஆலயத்துக்குள்ளேயே நின்றுவிட, ஒரே ஒருவர் பாடியது உலகம் முழுக்கப் போகிறது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அந்த ஒருவர்தான் சபை. மெல்ல மெல்ல உள்ளே இருக்கிற நாமும் அப்படியே நினைக்கத் தொடங்கி, வாயை மூடிக்கொண்டு கேட்கிறோம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சபையைப் பார்த்து இரண்டு மைக் தொங்கவிட்டு, அதையும் மிக்சரில் சேர்த்தால் போதும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சபைச் செயலர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: சபையைப் பார்த்து இரண்டு மைக்.

பாட்டுத் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி மறந்து வருகிற என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய எழுத்து உபகாரம்தான். ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம் அச்சிட்டிருக்கும். திரையில் அது போய்விட்டது. சரணம் முடிந்து சபை பல்லவிக்குத் திரும்பும்போது, திரை அடுத்த சரணத்துக்குத் தாவியிருக்கும். திரையைத் தட்டுகிற தம்பி பாட்டு தெரிந்தவராக இருந்தால் இந்தச் சங்கடமே வராது. அவரையும் பாடகர் குழுவில் சேருங்கள். பிட்ஸ்பர்க்கில் அங்கி மாட்டியதுபோல.

கத்தோலிக்க நண்பர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கும் ஒன்று. தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலர் உண்டு: அசிசி நகரத்துப் புனித கிளாரா. பன்னிரண்டாம் பத்திநாதர் திருத்தந்தையாக இருந்தபோது அறிவித்தார். நோயில் படுத்திருந்த கிளாரா, தன் அறையிலிருந்தபடியே ஆலயத்தில் நடந்த வழிபாட்டைக் கண்டார், கேட்டார் என்பது மரபு. போக முடியாதவருக்குக் கிடைத்த அருள் அது. நேரலைக்கும் அதுதான் அளவு என்பேன். நடக்க முடியாத பாட்டி, குவைத் நர்ஸ், ஆழ்கடலுக்குப் போய் வந்து அசந்து படுத்திருப்பவர், இவர்களுக்கு அது அருள். ஆலயத்துக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு சோபாவில் சாய்ந்து பார்க்கிறவருக்கு என்ன என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளட்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே இதைத் தொட்டிருக்கிறது. வழிபாட்டை ஒலிபரப்பும்போதும் ஒளிபரப்பும்போதும் அது கண்ணியமாக நடக்க வேண்டும், பிஷப்புகள் நியமித்த தகுந்த ஒருவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று திருவழிபாட்டு ஏட்டில் எழுதி வைத்தார்கள். பொறுப்பான ஒருவர்! நம்மில் எத்தனை சபைகளில் அப்படி ஒருவர் இருக்கிறார்?

தலைமையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மணியைக் காட்டுகிறார்கள். சுருக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை மையமாகக் கொண்டு மார்ஸ் ஹில் என்றொரு சபை இருந்தது. கிளைகள் பல, பிரசங்கியார் ஒருவர். கிளைகளில் அவர் பிரசங்கம் திரையில் ஓடும். 2014 அக்டோபரில் அவர் பதவி விலகினார். அந்த ஆண்டு முடிவோடு மார்ஸ் ஹில் என்ற அமைப்பே கலைந்தது; கிளைகள் சில தனிச் சபைகளாயின, சில மூடப்பட்டன. ஒரு முகத்தின்மேல் கட்டினது அந்த முகத்தோடு போயிற்று. நம் ஊர்களிலும் இதன் சாயல் வந்துகொண்டிருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிவரை எங்கெங்கோ உள்ள பிரசங்கங்களைக் கேட்டுவிட்டு, காலையில் நம் ஆயரிடம் அந்த நடிப்பையும் அந்த வேகத்தையும் எதிர்பார்க்கிறார்கள். ஆயரும் பாவம், லென்சைப் பார்த்தே பேசப் பழகிக்கொள்கிறார். எங்கள் பழைய உபதேசியார் பிரசங்கத்தில் தடுமாறுவார். ஆனால் எந்த பெஞ்சில் யார் இல்லை என்று பார்த்து வைத்திருப்பார், சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். யூடியூபில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வரும், யார் வரவில்லை என்ற கணக்கு வராது.

கடைசியாக ஒரே ஒரு காரியம், அரை நிமிடம். சபையின் யூடியூப் சேனல் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பல இடங்களில் அது ஆயரின் சொந்தக் கணக்கில் இருக்கும், அல்லது வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவரின் கணக்கில் இருக்கும். ஆயருக்கு மாறுதல் வரும், தம்பிக்கு துபாய் விசா வரும். பாஸ்வேர்டும் கூடவே போய்விடும், இத்தனை வருட ஆராதனைப் பதிவும் போய்விடும். சபை பெயரில் கணக்கு தொடங்கி, குறைந்தது இரண்டு பேரிடம் பொறுப்பைக் கொடுத்து, கமிட்டியில் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் படம் பிடித்துப் போடுவதற்கு முன் பெற்றோரிடம் கேட்பதைப் பற்றியும் சொல்ல இருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.